டிரம்ஸ் மைக்கில் விழுந்த குரல்

அக்கா,

இன்று மதியம் பிரியாணியில் ஒரு கிராம்பு கடிபட்டது. நாக்கு எரிவதற்கு முன்னால் மனசு எரிந்தது. கிராம்பைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு பாட வருகிறவர் எனக்குத் தெரிந்து நீங்கள் ஒருவர்தான். மாதக் கணக்கில் உங்கள் மேல் கோபமாக இருக்கிறேன். கொட்டித் தீர்க்க வேறு ஆள் இல்லாததால் உங்களுக்கே எழுதுகிறேன்.

நம் பேண்டின் முதல் ஆல்பம் வெளிவந்துவிட்டது. நீங்கள்தான் கேட்கவில்லை.

செம்பாக்கத்தில் நம் டிரம்மர் ஜெபா வீட்டு மாடிக்குச் சிறுசேரி ஆபீஸிலிருந்து நேராக வருவீர்கள். கழுத்தில் ஐடி கார்டைக்கூடக் கழற்றியிருக்க மாட்டீர்கள். சர்ச் பாடகர் குழுவில் பெண்களின் கீழ்க்குரலான ஆல்ட்டோ பாடும் நீங்கள், எங்கள் போஸ்ட்-மெட்டல் ராக் இசைக்குள் அந்த நான்கு குரல் அடுக்கைக் கொண்டுவந்து வைத்தீர்கள். யானை நடை போடும் கிடார் மேல் கோயில் பாட்டா, எண்ணெயும் தண்ணியும் ஒட்டாதே என்றேன். “கொதிக்க வச்சா எல்லாம் சேரும்டா. நீ இன்னும் அடுப்பையே பத்த வைக்கல” என்றீர்கள். பாதியில் ஆல்ட்டோவை விட்டுவிட்டு அடிவயிற்றிலிருந்து கத்தினீர்கள். கீழ்வீட்டு நாய் எழுந்து நின்றது. சர்ச்சில் தெரிந்தால் என்ன ஆகும் என்று ஜெபா பயந்தான். “ஆண்டவர் காது தாங்கும்டா. பாஸ்டர் காதுதான் தாங்காது.”

வரி முடிந்ததும் சபை முழுக்க மூச்சு வாங்கட்டும் என்பது போல நிற்பீர்கள். ஜெபாவும் கூடவே நிற்பான். தாளம் எண்ணும் எந்த மெட்ரோனோமுக்கும் அந்த நிதானம் பிடிபடவில்லை. அதனால்தான் டிரம்ஸ் பதிவன்று, அவனுக்கு வழிகாட்ட, மைக் இல்லாமலே அவன் எதிரில் நின்று ஆல்பம் முழுவதையும் பாடினீர்கள். உங்கள் குரலைப் பிறகு தனியாகப் பதிவு செய்வதாக ஏற்பாடு.

அந்தப் பிறகுதான் வரவே இல்லை. எத்தனை தடவை கெஞ்சினேன்! “ஆபீஸ்ல சாஃப்ட்வேர் ரிலீஸ் இருக்குடா, அடுத்த சனி.” அடுத்த சனி வந்தால், “கண்ணாடி ரூம்ல ஒத்தையா நின்னு பாட மாட்டேன். எல்லாரும் வாங்க, சேர்ந்து நின்னு பாடலாம்.” ஆளுக்கொரு ஷிப்டில் கிடக்கும் நாங்கள் எப்போது சேர்ந்து நிற்பது? ஒரு நாள் காலை ஆபீஸ் பஸ் ஏறிய உங்களுக்கு மூளையில் ரத்தக்கசிவு என்று போன் வந்தது. எல்லாரும் சேர்ந்து நின்றோம், ஆஸ்பத்திரி வராந்தாவில்.

மடிப்பாக்கத்திலிருந்து ஒரு பெண்ணைப் பாட வைத்தோம். நன்றாகவே பாடினாள். மிக்ஸிங் செய்தவர், “தம்பி, டிரம்ஸ் மைக்ல இன்னொருத்தங்க பாடறாங்களே, யாரு? ரெண்டு குரலும் மோதுது. டிரம்ஸ திரும்ப அடிச்சிருங்க” என்றார். ஜெபா எழுந்துவிட்டான். “அடிக்க மாட்டேன் மச்சான். அக்கா இல்லாம எங்க நிக்கணும்னே எனக்குத் தெரியல.”

அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டு அவள் குரலை எடுத்துவிட்டோம். ஆல்பத்தில் இருப்பது டிரம்ஸ் மைக்கில் விழுந்த உங்கள் குரல் மட்டும்தான்.

இப்போது விமர்சனம் எழுதுகிறார்கள். குரலைத் தொலைவில் வைத்தது துணிச்சலான முடிவாம். கிடாரோடு அற்புதமாகக் கலந்திருக்கிறதாம். மண்ணாங்கட்டி! அது முடிவா? எங்களிடம் வேறு இல்லை. தெருவை எழுப்பிய குரல், அடுத்த வீட்டில் யாரோ யாரையோ கூப்பிடுவது போலக் கேட்கிறது. அதைப் பாராட்டுகிறார்கள், எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

தினமும் தாம்பரம் ஸ்டேஷனில் ரயிலுக்கு நிற்கும்போது ஹெட்போனில் போட்டுக் கேட்கிறேன். நீங்கள் வரும் இடத்தில் ஒலியைக் கூட்டுகிறேன். நீங்கள் கிட்டே வருகிறீர்கள். கூடவே டிரம்ஸும் ஏறி உங்களை மூடிவிடுகிறது. குறைத்தால் இரண்டுமே போய்விடுகிறது. வரி முடிந்து ஜெபா நிற்கும் இடத்தில் மட்டும் வேறு சத்தமே இல்லை. அங்கே நீங்கள் மூச்சு இழுப்பது காதோரத்தில் கேட்கிறது.

பாட்டைத்தானே அக்கா கேட்டேன். மூச்சை விட்டுவிட்டுப் போயிருக்கிறீர்கள்.