நிறுத்தச் சொன்ன குரல்

பதுளை,
ஞாயிறு மத்தியானம்.

அன்புத் தங்கச்சி ஜீவராணிக்கு,

அண்ணன் நிஷாந்த் எழுதுவது. நானும் அம்மாவும் கை கால் சேதமில்லாமல் இருக்கிறோம், அங்கே ஜோர்தானில் நீயும் அப்படியே இருக்க நம்ம தோட்டத்து மாரியம்மா பார்த்துக்கொள்ளட்டும். கை கால் என்று ஏன் எழுதுகிறேன் என்பது கீழே வரும், பதறாமல் வாசி. அப்பா இருந்திருந்தால் அவர் எழுத வேண்டிய கடிதம் இது, அவர் போன பிறகு உனக்கு அப்பா வேலையும் நான்தான் பார்க்கிறேன், அதனால் கொஞ்சம் கண்டிப்பாகத்தான் இருக்கும். போனில் சொல்லத் தொடங்கினால் நீ அழுவாய், அம்மா பின்னால் நின்று என்னைத் திருத்துவாள், விஷயம் பாதியில் நிற்கும். கையால் எழுதிப் படம் பிடித்து அனுப்பினால் உன்னால் குறுக்கே பேச முடியாது. கார்மெண்ட்ஸில் ஷிப்ட் முடிந்து போனைத் திருப்பித் தந்ததும் கடைசி வரை வாசித்துவிட்டு அப்புறம் என்னைத் திட்டு.

நம்ம வானொலி நிலையம் தமிழை நிறுத்தப் போகிறது என்று நீ குரல் பதிவு அனுப்பினாயே, அது பொய். எங்கிருந்து கிளம்பியது என்று உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். நிலையத்து வாசலில் புதுப் பெயர்ப்பலகை எழுதினார்கள், சிங்களமும் ஆங்கிலமும் எழுதி முடித்த அன்றைக்கு மழை பிடித்துக்கொண்டது, பெயிண்டர் தமிழ் வரியை எழுதாமல் ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். அதை யாரோ பஸ்சில் போகும்போது படம் எடுத்துப் போட்டார்கள். பண்டாரவளை போய்ச் சேர்வதற்குள் தமிழ் நிறுத்தம் என்றாகிவிட்டது, லுணுகலைக்குப் போனபோது நிலையத்தையே யாரோ வாங்கிவிட்டார்கள் என்றாகிவிட்டது. அது வரைக்கும் கூட ஊர்ப் பேச்சுத்தான், ரெண்டு நாளில் அடங்கியிருக்கும். நீ ஜோர்தானில் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, "நம்ம தமிழ் நேரத்த நிப்பாட்டப் போறாங்க, கேக்க ஆளில்லன்னாத்தான் அவங்களுக்குப் புரியும், எல்லாரும் ரேடியோவ மூடுங்க" என்று சொன்ன பிறகுதான் அது உண்மையாகிவிட்டது. யார் வீட்டில் சாவு, யார் வீட்டில் சடங்கு என்று எத்தனையோ வருஷம் இந்தத் தோட்டங்களுக்குச் சொன்ன குரல் உன்னுடையது. அந்தக் குரல் சொன்னால் யார் சரிபார்ப்பார்கள். என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், அந்த நிலையத்து வயர் எல்லாம் என் கை வழியாகத்தான் போகிறது.

உண்மை என்ன என்றும் சொல்லிவிடுகிறேன், மறைக்க மாட்டேன், ஏனென்றால் உண்மையும் அவ்வளவு நல்லதாக இல்லை. வருகிற மாதத்திலிருந்து நாள் முழுக்கக் கணினிதான் பாட்டுப் போடும், அதைப் பொருத்திப் பூட்டுகிறவனே நான்தான். தமிழ் நேரம் இருக்கும். ஆனால் சாயங்காலம் ஆறு மணிக்கு இல்லை, மத்தியானம் இரண்டு மணிக்கு. அந்த நேரத்தில் நம்ம பெண்கள் எல்லாம் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருப்பார்கள், லயத்து வீடுகளில் நாய்தான் கேட்கும். பேசுகிறவர் கொழும்பில் இருந்து முதல் நாளே பேசி அனுப்பிவிடுவார். மரண அறிவித்தலை முதல் நாளே தர வேண்டுமாம், சாகிறவன் முன்கூட்டி அறிவித்துவிட்டுத்தான் சாக வேண்டும் போல. இதையெல்லாம் கூட்டத்தில் நான் கேட்டேன், "நீங்க டெக்னீசியன்தானே, நிகழ்ச்சி பத்தி ஏன் பேசுறீங்க" என்றார்கள். ஆக உன் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் நீ மூடச் சொன்னது அடுத்த மாதத்து ரேடியோவை இல்லை, இன்றைக்கு ஓடிக்கொண்டிருந்த ரேடியோவை.

நம்ம தோட்டத்துப் பழக்கம் உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சாயங்காலம் கோயில் லவுட்ஸ்பீக்கரில் ரேடியோவைப் போட்டுவிடுவார்கள், கரண்ட் போனாலும் அந்த செட் பேட்டரியில் ஓடும், கேதமோ மழையோ கோயில் குழாயில் வந்தால்தான் செய்தி, அதுவரைக்கும் வதந்தி. உன் பதிவு வந்த அன்றைக்கே கோயில் தலைவர் சின்னராசா மாமா செட்டிலிருந்து வயரைக் கழற்றிவிட்டார். நான் போய் நிலைமையைச் சொன்னதற்கு, "நீ அந்த எடத்துல சம்பளம் வாங்குற தம்பி, நீ அப்பிடித்தான் பேசுவ, ஜீவா பாப்பா அங்க இல்லாததால உண்மைய பேசுது" என்றார். அம்மா அவரைவிட ஒரு படி மேலே. வீட்டு ரேடியோவின் பேட்டரியையே கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டாள், மகள் சொன்னதை மகளின் வீட்டிலேயே செய்யாவிட்டால் எப்படி என்று கேட்கிறாள்.

போன வியாழக்கிழமை மழை. சும்மா மழை இல்லை, காலையிலிருந்து விடாமல். மத்தியானத்துக்குப் பிறகு நம்ம பக்கத்துக்கு மண்சரிவு எச்சரிக்கை வந்தது, சரிவுக்குக் கீழே இருக்கிறவர்கள் உடனே வெளியேற வேண்டும் என்று. பாட்டை நிறுத்திவிட்டு ஸனூஸ் நானாவே மைக்கில் உட்கார்ந்தார், தான் நிகழ்ச்சிப் பொறுப்பாளர் என்று பார்க்கவில்லை, தமிழில் திரும்பத் திரும்பச் சொன்னார், தோட்டத்துப் பெயர், பிரிவின் பெயர், எல்லாம். எனக்கு மட்டும் தெரியும், அந்தச் சத்தம் நம்ம லயத்துக்குப் போகவில்லை என்று. போன் டவரும் வேலை செய்யவில்லை. பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினேன், பாதை பூராவும் தண்ணீர், தெமோதரையைத் தாண்டி பாலத்தில் ரெண்டு தடவை விழப் பார்த்தேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது அம்மா அடுப்பில் ரொட்டி சுட்டுக்கொண்டிருக்கிறாள். கெளம்பு என்றேன். "எங்க" என்றாள். மலை வரப்போகுது என்றேன். "கோயில்ல ஒன்னும் சொல்லலியே" என்றாள். அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்து பேட்டரியை எடுத்து ரேடியோவில் போட்டு ஸனூஸ் நானா பேசுவதைக் காட்டினேன். கொஞ்ச நேரம் கேட்டாள். கேட்டுவிட்டு, "இது ஸனூஸ் தம்பி. கம்பெனி சொல்லச் சொன்னத அது சொல்லுது. நம்ம ஜீவா மூடச் சொன்ன ரேடியோதான இது" என்று சொல்லி, பேட்டரியைக் கழற்றித் திரும்பவும் முடிந்துகொண்டு ரொட்டியைப் புரட்டிப் போட்டாள். ஜீவா, எனக்கு அந்த நிமிஷம் உன் மேல் வந்த கோபத்தை இந்தத் தாளில் எழுத முடியாது. கத்தினேன், அசையவில்லை. கடைசியில் சுவரிலிருந்த அப்பா படத்தை ஆணியோடு பிடுங்கி ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு மழைக்குள் நடந்தேன். "அடேய் அவர எங்கடா கொண்டு போற, நனைய வச்சிராதடா" என்று திட்டிக்கொண்டே பின்னால் வந்தாள். அம்மா போவதைப் பார்த்து, ரெங்கம்மாவே போகிறாள் என்று பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரர்களும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். எல்லாரையும் பாடசாலை மண்டபத்தில் கொண்டு போய் விட்டோம்.

இருட்டுவதற்கு முன்பே மண் சரிந்து வந்தது. பெரிய சத்தம்கூட இல்லை, லொறியிலிருந்து கல் கொட்டுகிற மாதிரி, அவ்வளவுதான். சின்னராசா மாமாவின் மாட்டுப்பட்டியை மூடி, லயத்தின் கடைசியில் இருக்கிற தொங்கல் காம்பராவின் குசினியையும் அடுப்போடு எடுத்துக்கொண்டு நின்றுவிட்டது. ஆளுக்கு ஒன்றும் இல்லை. மாமாவின் மாடு செத்துப்போனது, கன்று ஈன இருந்த மாடு. நம்ம காம்பரா அப்படியே நிற்கிறது, அந்த இடத்துக்கும் நம்ம வாசலுக்கும் எவ்வளவு தூரம் என்று உனக்குத் தெரியும், நீ சின்ன வயதில் அங்கேதான் பாண்டி விளையாடுவாய்.

யாரும் உன்னைக் குறை சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. மாடு செத்தவரே சொல்லவில்லை. மறுநாள் அவரிடம் போய் இனியாவது வயரைப் பூட்டுங்க மாமா என்றேன். சேற்றில் நின்றுகொண்டு, "ஜீவா பாப்பா நிப்பாட்டச் சொல்லிச்சு, ஜீவா பாப்பா போடச் சொல்லட்டும், நான் பாட்டுக்குப் போட்டா நாளைக்கி அந்தப் புள்ள மொகத்துல எப்பிடி முழிக்கிறது" என்றார். இவர்களை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. கோபப்படவும் முடியவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எல்லாரும் திரும்ப லயத்துக்கே போய்விட்டார்கள், பாடசாலை தொடங்க வேண்டும், மண்டபத்தில் எத்தனை நாள் படுப்பது. அம்மாவைப் பதுளையில் என் அறைக்கு வா என்றால் நாளைக்கிக் கொழுந்தெடுக்கப் பெரட்டுக்குப் பேர் கொடுத்திருக்கேன் என்கிறாள். வெள்ளிக்கிழமை நான் மேலே ஏறிப் பார்த்தேன், லயத்துக்கு மேலே தேயிலைக்கு நடுவில் வெடிப்பு ஓடுகிறது, என் கை உள்ளே போகிறது. தோட்டத்து நிர்வாகத்திடம் சொன்னேன், ஆள் வந்து பார்ப்பார்கள் என்றார்கள். நாளைக்கு மறுபடியும் கன மழை என்று சொல்லியிருக்கிறார்கள். இரண்டாவது தடவை என்னால் அதே தந்திரம் செய்ய முடியாது, அம்மா அப்பா படத்தைக் கம்பி போட்டு இறுக்கிக் கட்டி வைத்திருக்கிறாள்.

நீ செய்ய வேண்டியது இதுதான். முதலில், மூடச் சொன்ன அதே குழுக்கள் எல்லாவற்றுக்கும் இன்றைக்கே ஒரு பதிவு அனுப்பு. ரேடியோவைப் போடுங்க, கோயில் செட்டுக்கு வயரைப் பூட்டுங்க, அப்புறம் சண்டை போடலாம் என்று சொல். தமிழ் நேரத்தை ஆறு மணிக்கே வைக்கச் சொல்லிக் கையெழுத்து வாங்குவதற்கு நானே முன்னால் நிற்கிறேன், வேலை போனால் போகட்டும், ரேடியோ திருத்தத் தெரிந்தவன் பட்டினி கிடக்க மாட்டான். அழாமல் சொல், மன்னிப்புக் கேட்டு நீட்டாதே, நீ அழுதால் மாமா செட்டை விட்டுவிட்டு உன்னைத் தேற்றப் பதில் அனுப்பிக்கொண்டிருப்பார்.

அடுத்தது முக்கியம். புதுக் கணினியில் ஸனூஸ் நானாவும் நானும் சண்டை பிடித்து ஒரு பொத்தான் வைத்திருக்கிறோம். எந்தப் பாட்டு ஓடினாலும் அதை அழுத்தினால் பாட்டு அறுந்து எச்சரிக்கை போகும். மூன்று எச்சரிக்கை, கவனமாக இருங்கள், ஆயத்தமாக இருங்கள், வெளியேறுங்கள். கொழும்பிலிருந்து தமிழில் பேசி அனுப்பியிருக்கிறார்கள், "பாதுகாப்பான இடங்களுக்கு இடம்பெயருமாறு கேட்டுக்கொள்ளப்படுகின்றீர்கள்" என்று. அம்மாவிடம் போட்டுக் காட்டினேன், "யாருக்கோ சொல்றாங்க" என்றாள். உன் பழைய பதிவுகளைத் தேடிப் பார்த்தேன், பிறந்தநாள் வாழ்த்தும் மரண அறிவித்தலும்தான் கிடக்கின்றன, அதை வெட்டி ஒட்டி ஒரு மலைக்கு எச்சரிக்கை செய்ய முடியாது. அதனால் நீ பேசு. நம்ம பேச்சில் பேசு. மழை கூடுது, பிள்ளைகள தூங்க வச்சிட்டு நீங்க முழிச்சிருங்க. சாமான கட்டி வாசல்ல வைங்க. லயத்த விட்டு வெளிய வாங்க, ரொட்டி கருகினா கருகட்டும், வாங்க. அப்படி. ஊர்ப் பெயர் சொல்லாதே, எல்லாத் தோட்டத்துக்கும் போகும். ஸனூஸ் நானா சம்மதித்துவிட்டார், "அந்தப் புள்ளட குரல்தான் வேணும்" என்று அவரே சொன்னார். விடுதி அறையில் எதிரொலி வரும், போனைத் துணி அலமாரிக்குள் வைத்து, தலைக்கு மேல் போர்வையைப் போட்டுக்கொண்டு பேசு, ஃபேனை நிறுத்து, கூட இருக்கிற பிள்ளைகளைச் சிரிக்காமல் இருக்கச் சொல். சுருக்கிய கோப்பாக அனுப்பாதே.

வேறு செய்தி ஒன்றும் இல்லை. நேரத்துக்குச் சாப்பிடு, ஷிப்ட் மாறும்போது இரவு தனியாக விடுதிக்கு நடக்காதே. நிரஞ்சலா லீவு முடிந்து அடுத்த வாரம் அங்கே திரும்புகிறாள், அம்மா அவளிடம் மிளகாய்த்தூள் கொடுத்து விடுகிறாள், பிரித்துக் கொடுத்துவிட்டு அப்புறம் இல்லை என்று அழாதே. அம்மா உன்னை ஆசீர்வதித்து எழுதச் சொன்னாள், மாரியம்மா உனக்குத் துணை, உடம்பைப் பார்த்துக்கொள், குரலைக் கெடுத்துக்கொள்ளாதே, ஐஸ் தண்ணீர் குடிக்காதே. பேட்டரி இன்னும் அவள் முந்தானையில்தான் இருக்கிறது. ஜீவா சொல்லட்டும், போடுறேன் என்கிறாள்.

இங்கே நிலையத்தில் இப்போதே தூறல் தொடங்கிவிட்டது. கணினியில் உன் குரலுக்கு ஒதுக்கிய மூன்று இடமும் காலியாக இருக்கிறது. வரிசையாகப் பேசிக்கொண்டு நேரத்தைப் போக்காதே, மூன்றாவதை முதலில் அனுப்பு.

உன் நன்மையையே நினைக்கும்,
அண்ணன்
நிஷாந்த்