எந்த ஊர் வசதி?

என் மகராசிக்கு,

தெற்கே இருக்கிற இந்த இரண்டு பெரிய ஊர்களில், நாம் சேர்ந்து இருக்க எது வசதி என்று மகள் போனில் கேட்டாள். பதிலை உனக்கே எழுதுகிறேன். இரண்டை நினைத்தாலும் எனக்குக் குமட்டுகிறது.

மகளோடு நீ இருக்கும் ஊரில் எந்நேரமும் வேர்வை. குழாயில் உப்புத் தண்ணீர். அதைக்கூடச் சகித்திருப்பேன். விருந்தாளி வந்தபோது மாப்பிள்ளை, "மாமா, கொஞ்ச நேரம் உள்ளயே இருங்களேன்" என்றார். நீயும் தலையாட்டினாய்.

நான் இருக்கும் மகனின் ஊரில் காற்று ஜிலுஜிலுவென்று வீசுகிறது. ஆனால் இந்தக் கட்டடத்தில் இரண்டு லிப்ட். பேரனின் சைக்கிளைச் சரிசெய்துவிட்டு கிரீஸ் கையோடு வந்த என்னைக் காவலாளி நிறுத்தினான். "பெரியவரே, வேலையாளுங்க லிப்ட் அந்தப் பக்கம்."

"என் பையன் வீட்டுக்குப் போறேன்பா."

"யாரா இருந்தா என்ன? அந்தப் பக்கம் போங்க."

மகனிடம் சொன்னேன். "கையக் கழுவிட்டு வந்திருக்கலாமேப்பா" என்று சிரிக்கிறான். அன்றிலிருந்து ஐந்து மாடியும் படியில்தான் ஏறுகிறேன். முழங்காலைப் பற்றிக் கேட்காதே.

உன் ஊரிலேயே, பஸ் டிப்போவுக்குப் பின்னால், தரைத்தளத்தில் ஓர் அறை பிடித்துவிட்டேன். ஊர் பிடித்துப்போய் அல்ல. பேத்தியை விட்டு நீ வரமாட்டாய். அங்கிருந்து நடந்தே போய் அவளைப் பார்த்துவிட்டு வரலாம், நீ மட்டும்.

ஞாயிறு காலை வருகிறேன். மாப்பிள்ளை வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன், தெருமுனையில் நிற்பேன். பெட்டியோடு வா. வெறுங்கையோடு வந்து சமாதானம் பேசாதே.

உன் பிடிவாதக்காரன்