உனக்குப் பதில் யார் என்று கேட்டார்கள்

பக்கத்து வீட்டு ஜெயா காலையில் புருஷனுக்குச் சட்டை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். தேர்வாய் கண்டிகையில் ஏதோ கம்பெனியில் இன்டர்வியூவாம். முழுசாகக் காயாத வெள்ளைச் சட்டையில் சூடு பட்டதும் ஒரு வாசனை எழுமே, அது சுவர் தாண்டி என்னிடம் வந்தது. குடித்துக்கொண்டிருந்த டீயைக் கீழே வைத்துவிட்டேன் மச்சான். அவள் வேலை முடிந்து வந்ததும் பேப்பர் எடுக்கச் சொன்னேன். நான் சொல்கிறேன், அவள் எழுதுகிறாள். எனக்கு எழுத்துதான் வராது. நடந்ததில் ஒரு வார்த்தைகூட மறக்கவில்லை.

சுனாமிக்கு முந்தின வருஷம் அது. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இரும்புக் கம்பெனி ஒன்றில் நீயும் நானும் காண்ட்ராக்டில் லோடு ஏற்றிக்கொண்டிருந்தோம். லோடு ஆட்களில் நாலு பேரை நிரந்தரமாக எடுக்கப்போவதாகச் சொன்னார்கள். நாற்பத்தைந்து வயசு தாண்டினால் கிடையாது. நம் இருவருக்கும் அந்த வருஷம்தான் கடைசி. நிரந்தரம் என்றால் எடைமேடை நிழலில் வேலை, ஆஸ்பத்திரிக்குக் கார்டு. தினமும் விடிந்ததும் மேஸ்திரி முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம்.

இன்டர்வியூவுக்கு முந்தின நாள் நீ கம்பிக்கட்டு மேல் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து ஆபீசர் ஆனாய்.

"உன் பேரு இன்னா?"

"தெரியாதாடா உனுக்கு?"

"ஆபீசரயே டா போடறியா? உனுக்கு வேல இல்ல, போ."

நம் இரண்டு பேருக்கும் சேர்த்து நல்ல சட்டை ஒன்றுதான் இருந்தது. உன் மச்சினன் கல்யாணத்துக்கு எடுத்தது. நீ முதலில் போட்டுக்கொண்டு உள்ளே போவது, வந்து கழற்றி எனக்குக் கொடுப்பது என்று ஏற்பாடு. சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் பதினோரு பேர் உட்கார்ந்திருந்தோம். காண்ட்ராக்ட் ஆட்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. உள்ளே போய் வந்தவன் கேள்வியை மறைக்கக்கூடாது. அடுத்தவனிடம் சொல்லிவிட்டுத்தான் தண்ணீர் குடிக்கலாம்.

நீ பட்டனைக் கழற்றிக்கொண்டே வந்தாய்.

"வேலயப் பத்தி ஒண்ணியும் கேக்கல மச்சான். கல்யாணத்துல மொத பந்தியில குந்துவியா, கடைசி பந்தியான்னு கேக்கறாங்க."

"நீ இன்னா சொன்ன?"

"மொத பந்தின்னேன். கடைசில ரசந்தான கீது. பெரிய சாரே சிரிச்சிட்டாரு."

சட்டையை என் தோளில் போட்டாய். முதுகுப் பக்கம் நனைந்திருந்தது. குரலைத் தாழ்த்தினாய்.

"அப்பால ஒண்ணு கேட்டாங்க. உனுக்கு இந்த வேல இல்லன்னா, வெளிய குந்தினுகீறவங்கள்ல யாருக்குக் குடுக்கலாம்னு. யோசிச்சிக்கினு போ."

"நீ யாரச் சொன்ன?"

"சட்டயப் போடுடா, கூப்புடறாங்க."

வாசல்படி ஏறுவதற்குள் நான் கணக்குப் போட்டுவிட்டேன். இடம் நாலு, ஆள் பதினொன்று. யார் பேரைச் சொன்னாலும் என் வாயாலேயே என் வேலையைத் தூக்கிக் கொடுத்த மாதிரி. இது நம்மை மடக்கக் கேட்கிற கேள்வி என்றுதான் நினைத்தேன். பெரிய சார் அதே வார்த்தைகளில் கேட்டார். கதவு திறந்திருந்தது. பனியனோடு நீ நின்று துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தது தெரிந்தது. உன்னைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன்.

"அப்பிடி சொல்ற மாதிரி யாரும் இல்ல சார்."

சாயந்திரம் டீக்கடையில் நீ கேட்டாய். உன் பேரைத்தான் சொன்னேன் என்றேன். எவ்வளவு சந்தோஷம் உனக்கு. "நானும் உன் பேரத்தான்டா சொன்னேன். வேல வராட்டி போவுது போ" என்று என் முதுகில் தட்டினாய். நம் சட்டை அப்போதும் என் உடம்பில்தான் இருந்தது.

பத்து நாளில் பேர் ஒட்டினார்கள். நாலு இடத்துக்கு மூன்று பேர்தான். அதில் நான் இருந்தேன். நீ இல்லை.

ஏன் மூன்று பேர் என்று யாருக்கும் புரியவில்லை. நாலைந்து மாதம் கழித்து அதே டீக்கடையில் ஆபீஸ் கிளார்க் சொன்னார். "உள்ள வந்தவன் வாயில எவன் பேரு வந்துச்சோ அவனத்தான் பெரிய சார் எடுத்தாரு. கூட லோடு ஏத்தறவனுக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போவுதுன்னாரு. மொத்தமே மூணு பேரோட பேருதான் வாயில வந்துச்சி. மத்தவனுங்க எல்லாம் யாருமில்லன்ட்டானுங்க. நாலாவது எடத்த அப்பிடியே உட்டுட்டாரு." உன்னைப் பார்த்து, "உன் பேர ஒருத்தனும் சொல்லல போலகீதே" என்றார்.

நான் கிளாஸுக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆடை படிந்த டீ. நீ உன் கிளாஸைக் கீழே வைத்தாய். பிறகு சிரித்தாய்.

"இவன் சொன்னான் சார். எழுதனவரு உட்டுட்டாரு போல."

அவ்வளவுதான். வடையைப் பிய்த்துப் பாதியை என் கையில் வைத்தாய். அதற்குப் பிறகு ஆறு வருஷம் நீ அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. நீ சண்டைக்கு வருவாய் என்று காத்திருந்தேன். வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் என் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றி, "இன்னா தங்கச்சி, இன்னிக்கி மீனா?" என்றுதான் உள்ளே வந்தாய். நீ நிஜமாகவே என்னை நம்பினாயா, தெரிந்தே என்னைக் காப்பாற்றினாயா என்று உன் முகத்தில் எத்தனையோ தரம் தேடியிருக்கிறேன். கேட்கத் தைரியம் வரவில்லை.

சித்திரை வெயிலில் ஒரு மத்தியானம். நான் எடைமேடை ஜன்னலுக்குள் இருந்தேன். நீ கம்பி ஏற்றிக்கொண்டிருந்தவன் லாரிச் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்தாய். பீடி பிடிக்கிறாய் என்று நினைத்தேன். நான் தண்ணீரோடு ஓடி வந்தபோது, "இந்த லோடு முடிஞ்சிட்டா போதும்டா" என்றாய். வேனில் ஏற்றிப் போகும்போது உன் தலை என் மடியில் இருந்தது. ஆஸ்பத்திரி வாசலில், முன்னாடியே உயிர் போய்விட்டது என்றார்கள். எனக்கு வந்திருந்த அந்த நிழல் உனக்கும் வந்திருக்கும் மச்சான். நான் ஒரு பேர் சொல்லியிருந்தால் போதும்.

இப்போது எனக்குக் கண் மங்கிவிட்டது, நடை குறைந்துவிட்டது. ஆனால் சும்மா உட்கார்ந்திருக்கும்போது அந்த ரூம் அப்படியே வருகிறது. மேஜை, திறந்த கதவு, பெரிய சார். அவர் கேட்கிறார். நான் உன் பேரைச் சொல்கிறேன். வாய்விட்டே சொல்லிவிடுகிறேன் போலிருக்கிறது. அடுப்பங்கரையிலிருந்து என் பொண்டாட்டி, "போய்ச் சேர்ந்தவர எதுக்குக் கூப்ட்டுக்கினு கீற?" என்கிறாள்.

கூப்பிடவில்லை, பதில் சொல்கிறேன் என்று அவளிடம் நான் இன்னும் சொன்னதில்லை.