மாடியில் காவல்

இருதயசெல்வி,

பூசையிலிருந்து வந்ததும் முதலில் இதைப் படி. வளவனூரிலிருந்து உன் அப்பா வந்தால் மோர் கொடு. மாமா மாடியில் மல்லாட்டை காயவைத்துக் காவல் இருக்கிறார் என்று சொல். டாக்டர் என்னை வெயிலில் உட்காரச் சொன்னது அவருக்குத் தெரியக் கூடாது.

உனக்கு வைட்டமின் டி குறைவு என்றதும், "பொண்ண நெழல்லியே வளத்துட்டீங்க சம்பந்தி, எங்க வூட்ல எல்லாம் வெயில்ல நின்னவங்க" என்று அவரிடம் சொன்னவன் நான். இப்போது எனக்கு உன்னைவிடக் குறைவாம். குடை இல்லாமல் மாமா வயலுக்கே போனதில்லை என்று நீ சிரித்தது என் காதிலும் விழுந்தது. அது கௌரவத்துக்குப் பிடித்த குடை.

சூசைமுத்து

பி.கு.: மல்லாட்டையைக் கடைசிக் கடலை வரை போன வாரமே விற்றுவிட்டோம். கொஞ்சம் கேப்பையாவது கொண்டுவந்து பரப்பு. பரப்பியதும் இறங்கிவிடாதே. நாற்காலி இரண்டு போட்டிருக்கிறேன்.