மண்ணாங்கட்டியின் துண்டும் உன் விமானங்களும்

என் கண்ணு அன்புக்கரசிக்கு,

நெட்டுக்குப்பத்திலிருந்து உன் அம்மா பட்டம்மாள் சொல்லச் சொல்ல, தண்டையார்பேட்டை உமைமா எழுதுவது. இங்கே கடல், ஆறு, நான் மூவரும் சௌக்கியம். அங்கே நீ சாப்பிட்டாயா என்று மட்டும் முதலில் எனக்குத் தெரிய வேண்டும்.

ஃபோன் இருக்கக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். ஃபோனில் நீ அழுகிறாய், அழுகிற பிள்ளையிடம் நான் எதைக் கேட்பது? கூடையில் கொண்டுவந்த மீன் விற்றுத் தீர்ந்ததும் உமைமா வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்துகொண்டேன். அவள் தையல் மிஷினை ஓரம் தள்ளிவிட்டு எழுதுகிறாள். பாதி ஜாக்கெட் ஒன்று மிஷினில் தொங்குகிறது. அதன் சொந்தக்காரி வந்து கேட்டால் நான்தான் பதில் சொல்ல வேண்டுமாம்.

விமானங்களுக்கு வழி சொல்கிற வேலையை விட்டுவிட்டு வந்துவிடட்டுமா என்று கேட்டிருந்தாய். அதற்கு வருகிறேன். அதற்கு முன் நீ சொன்னதை நான் சரியாகத்தான் புரிந்துகொண்டேனா என்று பார். ஆகாயத்தில் அடுக்கு இருக்கிறது. ஐஸ் பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைப்பதுபோல. போகிற விமானத்துக்கு ஒரு அடுக்கு, எதிரே வருவதற்கு வேறு அடுக்கு, நடுவில் ஆயிரம் அடி. அவரவர் அடுக்கில் போனால் வம்பே இல்லை. ஒருவன் அடுக்கு மாறும்போதுதான் நீ கண்ணைக் கொட்டாமல் பார்க்க வேண்டும். அன்று ஒரே மழை மேகம். எல்லா பைலட்டும் அந்தப் பக்கம் ஒதுங்கட்டுமா, இந்தப் பக்கம் ஒதுங்கட்டுமா என்று உன்னைப் பிடுங்கியிருக்கிறார்கள். மேகத்தைச் சுற்றிக்கொண்டு கீழ் அடுக்கில் ஒன்று வந்துகொண்டிருந்தது உன் நினைவிலிருந்து தப்பிவிட்டது. மேலே இருந்ததை இறங்கு என்று சொல்லிவிட்டாய். உன் திரையில் இரண்டும் சிவப்பாகிவிட்டன.

அப்புறம்தான் எனக்குப் பிடித்த இடம். இரண்டு விமானத்திலும் ஒரு மிஷின் இருக்கிறதாம். இரண்டு மிஷினும் தங்களுக்குள் பேசிக்கொண்டு ஒன்றை ஏறு என்றும் மற்றதை இறங்கு என்றும் சொல்லுமாம். இரண்டும் ஏறு என்று சொல்லிவிடாதா என்று கேட்டேன். அப்படி ஆகக் கூடாது என்றுதான் பேசிக்கொள்கின்றன என்றாய். எது முதலில் வாயைத் திறக்கும், அதை நீ இன்னும் சொல்லவில்லை. மிஷின் சொல்கிறது என்று பைலட் சொன்னதும் நீ வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பது சட்டம். நீயும் மூடிக்கொண்டாய். இரண்டும் பத்திரமாக விலகின. நீயே எழுந்து போய் மேலதிகாரியிடம் சொன்னாய். நாற்காலியிலிருந்து இறக்கி வைத்து, மறுபடி கற்றுக்கொடுத்து, வரும் வாரம் ஒரு பரீட்சை வைத்து உட்கார வைப்பார்கள். நீ அந்தப் பரீட்சைக்குப் போக மாட்டேன் என்கிறாய். சரிதானே?

“யக்கா, மூச்சு வுட்டு மூச்சு வுட்டு சொல்லு, என் கையி இன்னா மிஷினா?” என்கிறாள் உமைமா. டீ வந்துவிட்டது. குடித்துவிட்டுச் சொல்கிறேன்.

நம் ஆற்று வாய் நீ பார்த்த ஆற்று வாய் இல்லை. நீ போன பிறகு அனல்மின் நிலையத்துச் சாம்பலும் மணலும் சேர்ந்து மேடு தட்டிவிட்டது. நடுவில் ஒரு போட் நுழைகிற அளவுக்குத்தான் ஆழம். கடலிலிருந்து வருகிறவனுக்கு அலைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாது, போகிறவனுக்கும் தெரியாது. அதனால் நம் தெரு மண்ணாங்கட்டி பாறைமேல் ஏறி நின்று சிவப்புத் துண்டை ஆட்டுகிறான். துண்டு தலைக்குமேல் என்றால் நில், பக்கத்தில் வீசினால் வா. மீனோடு வருகிற போட்டுக்கு முதல் வழி. வருகிற ஒவ்வொரு போட்டும் அவனுக்கு ஒரு கை மீன் போடும். தெரியுமே அவனை, தெருவில் நாய் குட்டி போட்டாலும் தான் நின்றதால்தான் போட்டது என்பான். உன் வேலையைப் பற்றிச் சொன்னபோது, “நானும் அதான் செஞ்சிகினு கீறேன், எனுக்கு நாற்காலி இல்ல, அவ்ளோதான்” என்றான்.

இதில் ஒரு வழக்கம் உண்டு. இரண்டு போட்டும் ஒன்றையொன்று பார்த்துவிட்டால் அவன் துண்டைத் தோளில் போட்டுக்கொள்ள வேண்டும். அதற்குமேல் போட்காரர்கள் பாடு. ஏனென்றால் ஒரு கண் துண்டிலும் ஒரு கண் எதிர் போட்டிலும் இருந்தால் இரண்டும் கெட்டுவிடும்.

போன அமாவாசைக்குப் பக்கத்தில் நம் குப்பத்து சைமனின் போட் உள்ளே வருகிறது, இன்னொன்று வெளியே போகிறது. வெளியே போனதை மண்ணாங்கட்டி கவனிக்கவில்லை. இரண்டும் நேருக்கு நேர். அப்போதாவது துண்டைத் தோளில் போட்டிருக்கலாம். ஆட்டிக்கொண்டே இருந்தான். சைமன் எதிரே பார்க்காமல் துண்டைப் பார்த்தான். இடித்து, போட்டின் பக்கம் பிளந்து, சைமனுக்குக் கை முறிந்தது. உயிர் போகவில்லை.

மண்ணாங்கட்டி துண்டைப் பாறைமேல் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனவன் வெளியே வரவில்லை. மீன் கொடுத்தாலும் வாங்கவில்லை. அவன் மச்சான் துண்டை எடுத்துக்கொண்டான். மச்சான் இதுவரை ஒரு தப்பும் செய்யவில்லை, அதையும் சொல்ல வேண்டும். ஆனால் ஒரு கையில் துண்டு, ஒரு கையில் ஃபோன். சிரித்துப் பேசிக்கொண்டே ஆட்டுவான்.

எனக்குத்தான் சும்மா இருக்கத் தெரியாதே. கொஞ்சம் வஞ்சிரத் தலை எடுத்துக்கொண்டு மண்ணாங்கட்டி வீட்டுக்குப் போனேன். துண்டை ஏன் இறக்கவில்லை என்று நேராகவே கேட்டேன். திட்டுவான் என்று நினைத்தேன். கையைப் பார்த்துக்கொண்டே, “கையி நிக்கல பட்டம்மா. எதுனா செஞ்சிகினே கீணும்னு தோணிச்சி” என்றான். நான் உன் கதையைச் சொன்னேன். கோபித்துக்கொள்ளாதே. முழுக்கக் கேட்டுவிட்டு, “உன் பொண்ணு எப்டி சும்மா இருந்திச்சி?” என்றான். அன்றிலிருந்து அதே கேள்வி எனக்கும். மீன் வெட்டும்போதுகூட அதுதான்.

நான் அங்கே இருக்கும்போதே சைமன் வந்தான், கையில் கட்டோடு. சண்டைக்கு வந்துவிட்டான் என்று நான் எழுந்துவிட்டேன். அவன் வாசலில் நின்றுகொண்டு, “யோவ், துண்ட எடுத்துகினு வா” என்றான். மண்ணாங்கட்டி, “என்னால ஆவாது நைனா, எனுக்கு பயமா கீது” என்றான். அதற்கு சைமன், “அதுக்குத்தான்யா கூப்புட்றேன். உன் மச்சானுக்கு இன்னும் பயம் வர்ல. அவன் துண்ட நம்பி நான் உள்ள வர மாட்டேன்” என்றான். பிறகு என்னைப் பார்த்து, “மீன் தலயா? கொளம்பு வெச்சா சொல்லு” என்று போய்விட்டான்.

மண்ணாங்கட்டி மறுநாளே போய்விடவில்லை. முந்தாநாள்தான் போனான். நான் போய்ப் பார்த்தேன். வாய்ச்சவடால் குறைந்திருக்கிறது. இரண்டு போட் ஒன்றையொன்று பார்த்ததும் துண்டைத் தோளில் போட்டு, நழுவிவிடுமோ என்பதுபோல இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். அப்போது தலைக்குமேல் இரண்டு விமானம், ஒன்று உயரத்தில், ஒன்று அதற்குக் கீழே, குறுக்கே போயின. முன்பெல்லாம் அது எந்த ஊருக்கு என்று யோசிப்பேன். இப்போது கீழே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று யோசிக்கிறேன்.

உன் கேள்விக்கு வருகிறேன். வந்துவிடட்டுமா என்றால், வா. இது உன் வீடு, கதவுக்குத் தாழ்ப்பாளே சரியில்லை. ஆனால் நீ வருவதற்குள் நான் அங்கே வருகிறேன். உமைமா தன் ஃபோனில் டிக்கெட் போட்டுவிட்டாள், அடுத்த மாதம். விமானத்தில்தான். ரயிலில் போயேன் யக்கா என்று அவளும் சொல்லிப் பார்த்தாள். எனக்குப் பயமில்லை என்று நினைக்காதே. மேகம் வந்தால் எந்தப் பக்கம் ஒதுங்குவார்கள், அடுக்கு மாறுவது எனக்குத் தெரியுமா, ஜன்னலைத் திறக்க விடுவார்களா என்று உமைமாவைக் கேட்டுக் கேட்டு அவள் பேஜாராகிவிட்டாள்.

நான் மேலே இருக்கும் நேரம் உன் முறையாக இல்லாமல் இருக்கலாம். வேறு யாராவது இருப்பார்கள், அவர்களும் நல்லவர்கள்தான். ஆனாலும் நான் சைமன் மாதிரிதான் கண்ணு.

ஒருவேளை அது உன் முறையாக இருந்தால் என்னை அழைக்க வாசலில் வந்து நிற்காதே. நான் இறங்கி, யாரையாவது கேட்டு, வெளியே எங்காவது உட்கார்ந்திருப்பேன். கூடையில் நெத்திலிக் கருவாடு இருக்கும், வாசனை பிடித்து வந்துவிடலாம். அவசரப்படாமல் உன் நேரம் முடிந்து எழுந்து வா. அன்று நீ எப்படிச் சும்மா இருந்தாய் என்று அப்போது சொல்வாய். மண்ணாங்கட்டிக்கும் நான் பதில் கொண்டு போக வேண்டும்.

கடல் உன்னைக் காக்கட்டும், காற்று உன் பேச்சைக் கேட்கட்டும். வேளைக்குச் சாப்பிடு.

உன் அம்மா,
பட்டம்மாள்

(கையெழுத்து அம்மாவே போட்டது. உமைமா.)