ஏரியில் வாங்கிய மனை

அக்கா,

இன்று காலை ஆறாம் வகுப்பில் தமிழ்நாடு வரைபடத்தை விரித்தபோது அந்துருண்டை வாடை முகத்தில் அடித்தது. வரைபடத்தின் துணியைப் பூச்சி அரிக்கிறது என்று சுருட்டிவைக்கும்போதெல்லாம் உள்ளே ஒன்றிரண்டு போட்டுவைப்பீர்கள். அவை இன்னும் முழுதாகக் கரையவில்லை. பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நான் ஆணியைத் தேடுவதுபோல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

புவியியல் இப்போது என்னிடம் வந்துவிட்டது. எனக்கு வரலாறும் குடிமையியலும், உங்களுக்குப் புவியியலும் என்று நாம் பிரித்துக்கொண்டதெல்லாம் முடிந்தது. “புது ஆள் வர்ற வரைக்கும் நீங்களே பாத்துக்குங்க மேடம்” என்று தலைமையாசிரியர் சொன்னார்.

உங்கள் முதல் வகுப்பு எனக்கு மனப்பாடம். நம் இரண்டு வகுப்புக்கும் நடுவில் ஒரு தட்டிதானே இருந்தது. புத்தகத்தைத் திறக்கவே மாட்டீர்கள். “உங்க வீட்டுலருந்து மலை எந்தப் பக்கம் தெரியுது?” என்று கேட்பீர்கள். அடி அண்ணாமலையிலிருந்து வருகிறவன், “சூரியன் வர்ற பக்கம் மிஸ்” என்பான். கீழ்பென்னாத்தூர் வேனில் வருகிற பெண் எழுந்து, “பொய் மிஸ், சூரியன் எறங்குற பக்கம்” என்பாள். வகுப்பு இரண்டாகப் பிரிந்து கத்தும். கத்தவிட்டு வேடிக்கை பார்ப்பீர்கள். பிறகு, “ரெண்டு பேரும் சரிதான். மலை நவுரல. நீ எங்க நிக்கிறேன்னு மொதல்ல தெரிஞ்சுக்கோ” என்பீர்கள்.

அங்கிருந்துதான் எல்லாம் தொடங்கும். நம் ஊர் மண்ணில் மணிலாக் கடலை ஏன் விளைகிறது, பௌர்ணமிக்கு மலை சுற்ற இத்தனை ஜனம் எந்தெந்த ஊரிலிருந்து எதில் ஏறி வருகிறது என்று ஒரு வாரம் போகும். மனிதன் நிலத்தை என்ன செய்கிறான், நிலம் திருப்பி என்ன செய்கிறது என்ற பாடத்துக்கு மட்டும் மைதானத்துக்கு அழைத்துப்போவீர்கள். சரிவில் ஒரு குடம் தண்ணீரை ஊற்றுவீர்கள். பிள்ளைகள் மண்ணைக் குவித்து மறிப்பார்கள். தண்ணீர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, மண்ணைக் கரைத்துக்கொண்டு தன் பள்ளத்துக்கே போகும்.

அந்த நீங்கள்தான் அந்த மனைக்குப் போனீர்கள்.

நான் அண்ணன் என்று கூப்பிடும் உங்கள் வீட்டுக்காரர் ஓய்வு பெற்றதும் வேங்கிக்காலைத் தாண்டி, புதிதாகப் பிரித்த மனைகளில் ஒன்றை வாங்கினார். என்னைக் கூட்டிப்போய்க் காட்டினீர்கள். தரையெல்லாம் கோரை. காலணியில் ஒட்டிய களிமண்ணைக் கல்லில் தேய்த்துக்கொண்டே, “ஏரிபா இது. இன்னா சொன்னாலும் காதுல வாங்கல” என்றீர்கள்.

அண்ணன் தூரத்திலிருந்தே, “எல்லா பேப்பரும் கரெக்டா இருக்குது. உங்க அக்காவுக்கு எங்க பாத்தாலும் தண்ணிதான் தெரியும்” என்று சிரித்தார். டவுனுக்குள் விலை ஜாஸ்தி, வாடகை வீட்டிலேயே வயதாகிவிட்டது என்பதும் உண்மைதான். அஸ்திவாரத்தை உயர்த்திக் கட்டச் சொன்னீர்கள். அது ஒன்றைத்தான் அவர் கேட்டார்.

நீங்கள் அங்கே குடிபோனபின் வந்த கார்த்திகை மழையில் பள்ளிக்கு விடுமுறை விட்டிருந்தார்கள். காலையில் உங்கள் போன். “தண்ணி வாசப்படி ஏறிடுச்சுபா. நாங்க மாடிப்படி ரூம்ல இருக்கோம். மூச்சு இழுக்குது, மருந்து தீந்துபோச்சு.” மருந்துக்கடையில் இன்ஹேலரை வாங்கிக்கொண்டு ஆட்டோவில் ஓடிவந்தேன். உங்கள் தெருமுனையிலேயே தண்ணீர். ஆட்டோக்காரர் இறங்கி இடுப்பளவு வரை போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினார். “தண்ணி இழுப்பு ஜாஸ்தியா இருக்குதும்மா. போவ முடியாது.” தீயணைப்பு வண்டி ஒன்று நின்றது. படகு வேறு பகுதிக்குப் போயிருக்கிறது, வந்துவிடும் என்றார்கள்.

உங்கள் மொட்டைமாடி அங்கிருந்து தெரிந்தது, அக்கா. அண்ணன் துண்டை ஆட்டியது தெரிந்தது. நான் மருந்துப் பையைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினேன். மறுபடி போன் அடித்தது. இந்த முறை சரியாகப் பேச வரவில்லை உங்களுக்கு. “நீ எறங்காத. அங்கயே நில்லு.” அவ்வளவுதான்.

நின்றேன். கூப்பிடு தூரத்தில் நீங்கள். கையில் மருந்து. படகு வந்தபோது மதியம் தாண்டிவிட்டது. உங்களை அதிலிருந்து இறக்கும்போது என் கையைப் பிடித்தீர்கள். மருந்தை வாயில் வைத்து அழுத்தினேன்; உள்ளே இழுக்கப் பலம் இல்லை. ஆஸ்பத்திரி வாசல் வரைதான் மூச்சு வந்தது.

தண்ணீர் வடிந்துவிட்டது. அண்ணன் அதே வீட்டில்தான் இருக்கிறார். சுவரில் தண்ணீர்க் கறை மறையும் உயரம் வரை வெள்ளை அடித்துவிட்டார். “வேற எங்கம்மா போறது?” என்று கேட்டார். பக்கத்தில் மூன்று வீடுகள் எழும்பிக்கொண்டிருக்கின்றன. யாரிடம் போய் என்ன சொல்ல என்று எனக்கும் தெரியவில்லை. ஏரிக்குள் கட்ட விடாதீர்கள் என்று கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தேன், வாங்கிக்கொண்டார்கள்.

இன்று பாடம் முடிந்து பிள்ளைகள் வெளியே ஓடியபின் ஒரு பெண் மட்டும் மேசையருகே வந்து நின்றாள். பையின் வாரை முறுக்கிக்கொண்டே, “மிஸ், செத்துப்போன டீச்சர் வீட்டுக்குப் பின்னால எங்கப்பா மனை வாங்கியிருக்காரு. தை மாசம் வீடு கட்டக் கடக்கால் தோண்டறோம். வேணாம்னு சொல்லட்டுமா?” என்றாள்.

அவள் அப்பாவை எனக்குத் தெரியும். பெங்களூரில் கட்டட வேலை செய்து, வருடக்கணக்காகச் சேர்த்து வாங்கியிருக்கிறார். புவியியல் படித்த நீங்கள் சொல்லியே உங்கள் வீட்டில் நடக்கவில்லை. ஆறாம் வகுப்புப் பிள்ளை சொல்லி அவர் கேட்பாரா?

“அப்பாவ ஒரு நாள் ஸ்கூலுக்கு வரச் சொல்லு” என்றேன்.

“வந்தா நீங்க சொல்லுவீங்களா மிஸ்?”

தலையாட்டினேன். அவர் வருவார். எதிரில் நாற்காலியில் உட்காருவார். அப்போது சொல்ல வேண்டியது முழுவதும் எனக்குத் தெரியும், அக்கா. அதைக் கேட்டபின் அந்தக் குடும்பம் எங்கே போய் வீடு கட்டும் என்பதுதான் தெரியவில்லை.