காற்று போக ஒரு வழி

மார்ச் 4, 2024

இன்றும் தலையில் சிமெண்ட். இரண்டு முறை அலசியும் சீப்பில் வருகிறது.

துறைமுகத்தில் கப்பல் அணையும் ஜெட்டிக்கு அடியில் வேலை தொடங்கி மூன்று மாதம். உப்புக்காற்றில் கம்பி துருப்பிடித்துப் பெயர்ந்து தொங்கும் காங்கிரீட்டைக் கொத்தி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசுகிறோம். மேலே ஜெட்டியில் மெஷின் நிற்கும். அதில் காய்ந்த மணலையும் சிமெண்டையும் கொட்டினால், கம்ப்ரசர் காற்று அதை ஹோஸ் வழியாக அறுபது அடி தள்ளிக்கொண்டு போகும். கீழே, தண்ணீருக்கு மேல் தொங்கும் சாரத்தில் நின்று சுடலைக்கண்ணு அண்ணாச்சி ஹோஸின் முனையில் இருக்கும் நாசிலைப் பிடித்திருப்பார். நாசிலில்தான் தண்ணீர் சேரும். மேலே மெஷினில் எஸ்றா. ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. நடுவில் ஒரு கயிறு. ஒரு இழுப்பு என்றால் காற்றை விடு. இரண்டு என்றால் நிறுத்து. பத்து வருஷமாக ஊர் ஊராக இப்படித்தான் இந்த இரண்டு பேரும்.

மெஷினுக்குள் சுற்றும் உருளையின் மேலும் கீழும் ரப்பர் தகடு இருக்கிறது. மணல் அதைத் தின்றுவிடுகிறது. தின்ற இடத்தில் காற்று சிமெண்டோடு பிய்த்துக்கொண்டு வெளியே வருகிறது. எஸ்றா மூக்கில் ஈரத்துண்டு கட்டிக்கொண்டு நிற்கிறான், நாளெல்லாம் இருமுகிறான். இந்த மாதம் தொடங்கி நாலு நாள்தான், அதற்குள் ஒரு தகடு போய்விட்டது.

மெஷின்களுக்குப் பொறுப்பாகப் பதினாறு வருஷமாகத் தகடு மாற்றுகிறேன். ஏன் மாற்ற வேண்டியிருக்கிறது என்று உட்கார்ந்து யோசித்ததே இல்லையே?

மார்ச் 11

தகடு தேய்வது மணலால் மட்டும் இல்லை. காற்று கசிந்தால் எஸ்றா போல்ட்டை இறுக்குகிறான். இறுக்கினால் ஒரு பக்கம் மட்டும் அழுத்தம். அந்தப் பக்கம் சீக்கிரம் போகிறது. மறுபடி இறுக்குகிறான். போல்ட்டுக்குப் பதில் நாலு ஸ்பிரிங் வைத்தால் சுற்றிலும் ஒரே அழுத்தம் இருக்கும். ரப்பரும் இன்னும் கெட்டியாக வேண்டும். படம் போட்டேன். வீட்டுக்காரர் கடையை அடைத்துவிட்டு வந்து, சோறு ஆறுது என்று இரண்டு தடவை சொன்னார்.

மார்ச் 19

ஓட்டிப் பார்த்தாயிற்று. தூசி இல்லை! மெஷின் பக்கத்தில் வெள்ளைப் புடவையோடு நிற்கலாம். எஸ்றா துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு, தெரியாத மெஷினைப் பார்ப்பது மாதிரி பார்த்துக்கொண்டிருந்தான். சாயங்காலம் அண்ணாச்சி மேலே ஏறி வந்து, “கீழ சீரா வருது மேடம். விட்டு விட்டு வராம ஒரே சீரா” என்றார். அவர் பாராட்டிப் பேசுகிற ஆள் இல்லை.

ஸ்பிரிங் வேலையோடு, பக்கவாட்டில் இருந்த பழைய வால்வையும் எடுத்துவிட்டேன். காற்றை வெளியேற்ற வைத்தது. சிமெண்ட் ஏறி இறுகி, எத்தனையோ வருஷமாக யாரும் தொட்டதில்லை. அது வழியாகவும் தூசி கசிந்தது. ஒரு இரும்பு மூடி போட்டு அடைத்தாயிற்று.

மார்ச் 27

சைட் மேனேஜர் ஜெயகணேஷ் சார் படம் எல்லாம் எடுத்து சென்னைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பியிருந்தார். எல்லா சைட்டிலும் இதையே போடலாம் என்கிறார்களாம். வடிவமைப்புப் பிரிவுக்கு என்னைக் கூப்பிடவும் வாய்ப்பு உண்டாம். வீட்டில் சொன்னேன். “மில்லர்புரத்துல கடைய வச்சுக்கிட்டு நான் சென்னைக்கு எங்கன வர?” என்றார். ஆனால் சிரித்தபடிதான் சொன்னார்.

ஏப்ரல் 3

முகம் கழுவினால் போதும், தலை அலச வேண்டாம். இதுவே பெரிய விஷயம்.

ஏப்ரல் 9

அண்ணாச்சிக்கு அடிபட்டுவிட்டது.

காலை பதினொன்று இருக்கும். ஹோஸ் அடைத்திருக்கிறது. இரண்டு இழுப்பு வந்தது என்கிறான் எஸ்றா, காற்றை நிறுத்தினேன் என்கிறான். கீழே அண்ணாச்சி நாசிலைக் கழற்றியிருக்கிறார். அடைத்திருந்த கட்டி குண்டு மாதிரி வந்திருக்கிறது. ஹோஸ் பாம்பாகத் துள்ளி அவரைச் சாரத்தோடு அடித்துவிட்டது. காறை எலும்பு முறிவு. இடது கண் — ரத்தம் — நான் பார்த்தேன். கண்ணாடி போட்டிருந்தாரே, அது எங்கே போச்சு? எஸ்றாதான் தூக்கிக்கொண்டு மேலே ஏறினான். எப்படி ஏறினான் என்று தெரியவில்லை.

ஏப்ரல் 11

இடது கண்ணில் பார்வை வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அண்ணாச்சியின் மனைவி பேச்சிச்செல்வி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அழவில்லை. ஆழ்வார்திருநகரியிலிருந்து கட்டின புடவையோடு வந்தவர். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, “சாப்பிட்டீயளா மேடம்?” என்று கேட்டார்.

ஏப்ரல் 12

விசாரணை. ஜெயகணேஷ் சார், ஜெட்டியை வைத்திருக்கும், எங்களுக்கு வேலை கொடுத்த தளத்துக் கம்பெனியின் ஆள் ஒருவர், நான். எஸ்றா ஒரே பதிலைத்தான் சொன்னான். ரெண்டு இழுப்பு வந்துச்சு, நிறுத்துனேன். ஆஸ்பத்திரியில் அண்ணாச்சியிடம் வாங்கிய வாக்குமூலத்தைப் படித்தார்கள். ரெண்டு இழுப்பு கொடுத்தேன், எப்பவும்போலப் பத்து எண்ணினேன், பிறகுதான் கழற்றினேன். பத்து எண்ணினால் காற்று போயிருக்கும். போகவில்லை என்றால் மேலே நிறுத்தவில்லை என்றுதானே அர்த்தம்?

எஸ்றாவை நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். “அண்ணாச்சி அப்படியா சொன்னாக?” என்று மட்டும் கேட்டான்.

மெஷின் நல்ல நிலையில் இருந்தது என்று நான் கையெழுத்துப் போட்டேன்.

ஏப்ரல் 15

மனசு ஆறவில்லை. பத்து வருஷத்தில் ஒருநாள்கூட எஸ்றா கயிற்றைத் தவற விட்டதில்லை. பத்து எண்ணாமல் அண்ணாச்சி கழற்றினதும் இல்லை. அப்போது யார் சொல்வது பொய்?

வேலை நிறுத்தி வைத்திருப்பதால் மெஷின் பக்கம் யாரும் இல்லை. ஹோஸின் முனையை அடைத்தேன். மெஷினிலிருந்து ஹோஸ் புறப்படும் இடத்தில் ஒரு அழுத்தமானியை மாட்டினேன். இருக்கிற ஒரே மானி கம்ப்ரசர் பக்கம்தான், ஹோஸுக்குள் என்ன இருக்கிறது என்று அது காட்டாது. காற்றை விட்டேன். நிறுத்தினேன். பத்து எண்ணினேன்.

முள் அசையவில்லை.

நூறு எண்ணினேன். ஐந்து நிமிஷம் நின்றேன். அப்படியே இருக்கிறது.

நான் கைவைப்பதற்கு முன் இந்த மெஷினில் காற்று கசிந்துகொண்டே இருக்கும். நிறுத்தின பத்து எண்ணிக்கையில் தானாக வெளியேறிவிடும். அந்தக் கசிவுதான் இத்தனை வருஷம் அவர்களைக் காப்பாற்றியிருக்கிறது. நான் அதை நிறுத்திவிட்டேன். காற்று போக இருந்த வால்வையும் மூடி போட்டு அடைத்தேன். நானே. என் கையால.

ரெண்டு பேரும் பொய் சொல்லல.

ஏப்ரல் 16

எழுத ஒன்றும் இல்லை.

ஏப்ரல் 18

ஜெயகணேஷ் சாரிடம் சொன்னேன். அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். கெட்ட மனிதர் இல்லை. வால்வைத் திரும்பப் போட்டுவிடுங்கள், போதும் என்றார். எழுத்தில் வேண்டாம். எழுத்தில் வந்தால் வேலையை நம்மிடமிருந்து எடுத்துவிடுவார்கள், நாற்பது பேர் வீட்டுக்குப் போவார்கள், அண்ணாச்சிக்கு அதனால் கண் வந்துவிடுமா? உங்க சென்னை விஷயமும் இருக்கு.

எஸ்றா? என்று கேட்டேன். அவன் சின்ன வயசு, எங்கேயாவது பிழைத்துக்கொள்வான் என்றார்.

நான் எழுந்து வந்துவிட்டேன். சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. இப்படி ஒரு பதில் உண்டா?

ஏப்ரல் 25

பஸ்ஸில் வரும்போது பார்த்தேன். எஸ்றா ரோட்டோரம் லாரியில் உப்பு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தான். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவன் பார்த்திருக்க மாட்டான்.

ஏப்ரல் 29

அசதி. வேலை செய்த அசதி இல்லை. எந்த வேலையும் செய்யாத அசதி.

மே 1

வீட்டில் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு ரொம்ப நேரம் வெங்காயத்தைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். பிறகு, “இதை எங்கிட்ட சொல்லி என்னளா பிரயோசனம்?” என்றார்.

மே 2

ஆழ்வார்திருநகரி போனேன். அண்ணாச்சி கட்டிலில் சாய்ந்திருந்தார். பேச்சிச்செல்வி காபி கொண்டுவந்தார். குடித்துவிட்டால் சொல்ல மாட்டேன் என்று பட்டது. கையிலேயே வைத்துக்கொண்டு சொன்னேன்.

“அண்ணாச்சி, எஸ்றா காத்தை நிறுத்துனான். நீங்களும் சரியாத்தான் எண்ணுனீய. நான்தான் காத்து போற வழிய அடைச்சிட்டேன்.”

சோதித்துப் பார்த்ததையும் சொன்னேன். முடித்ததும், “எத்தன நாளாத் தெரியும்?” என்றார்.

“பதினேழு நாளா.”

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அவன் ரெண்டு தடவை இங்க வந்தான், நான் முகங்கொடுக்கல என்று சுவரைப் பார்த்தே சொன்னார்.

பேச்சிச்செல்வி என் கையிலிருந்த டம்ளரை வாங்கிக்கொண்டார். “கண்ணு போனதுக்குக்கூட நான் உங்கள ஒண்ணும் சொல்லல மேடம். மெஷின்னா எப்பம் என்ன செய்யும்னு யாரு கண்டா? ஆனா பதினேழு நாளா இவரு அந்தப் பயல ஏசிக்கிட்டே கெடந்தாரு. கூடப்பொறந்தவன் மாதிரி இருந்தவன. அதுக்கு என்ன சொல்லுதீய?”

எழுந்து வந்துட்டேன்.

மே 3

எஸ்றா வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே நின்று சொன்னேன். கோபப்படுவான் என்று நினைத்தேன். அவன் நடையில் உட்கார்ந்துவிட்டான்.

“அப்ப நான் நிறுத்துனது நெசந்தான?” என்றான். “எனக்கே சந்தேகம் வந்துட்டு மேடம். அண்ணாச்சி பொய் சொல்ல மாட்டாக. அப்பம் நாமதான் நிறுத்தலபோலன்னு இருந்தேன். படுத்தா இந்தக் கையையே பாத்துக்கிட்டு கெடப்பேன்.”

வலது கையை விரித்துப் பார்த்துக்கொண்டே சொன்னான். இதற்கு அவன் என்னை ஏசியிருக்கலாம்.

மே 6

கடிதத்தைத் தலைமை அலுவலகத்துக்கும் தளத்துக் கம்பெனிக்கும் அனுப்பிவிட்டேன். இரண்டு பக்கம். ஏப்ரல் 12 அன்று நான் போட்ட கையெழுத்து தவறு என்றும் எழுதியிருக்கிறேன். ஜெயகணேஷ் சாரிடம் நகலைக் கொடுத்தபோது, “ஒரு நாள் முன்னால சொல்லியிருக்கலாம்ல” என்றார். குரலில் கோபம் இல்லை. அவரும் தூங்கின மாதிரி தெரியவில்லை.

மே 22

ஆர்டர் வந்துவிட்டது. மெஷின் பக்கம் நான் போகக் கூடாது. மணல் பார்க்கும் வேலை. லாரியில் வரும் மணலில் எவ்வளவு ஈரம் என்று சோதிக்க வேண்டும், ஈரம் கூடினால் ஹோஸ் அடைக்கும். சென்னை கிடையாது. தளத்துக் கம்பெனி வேலையை எடுத்துவிடவில்லை. மெஷினைச் சரிசெய்து காட்டும்வரை நிறுத்தி வைத்திருக்கிறது. பாதிப் பேரை வேறு சைட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். போகிறவர்கள் என்னிடம் சொல்லிக்கொண்டு போகவில்லை.

ஜூன் 13

காற்று. மணல் கண்ணில் அடிக்கிறது. சலித்தேன், காய வைத்தேன், சலித்தேன்.

ஜூலை 8

வால்வைத் திரும்பப் போட்டால் மட்டும் போதாது. மறுபடி சிமெண்ட் ஏறி இறுகும், மறுபடி யாரும் தொட மாட்டார்கள், என்னை மாதிரி ஒருத்தி வந்து அடைப்பாள். தொட்டே ஆக வேண்டும் என்று இருக்க வேண்டும். காற்றை நிறுத்தும் கைப்பிடியும் வெளியேற்றும் கைப்பிடியும் ஒன்றாக இருந்தால்? இந்தப் பக்கம் திருப்பினால் காற்று ஹோஸுக்குள் போகும். அந்தப் பக்கம் திருப்பினால் உள்ளே வருவது நின்று, ஹோஸில் இருப்பது வெளியே போகும். இரண்டுக்கும் நடுவே நிற்கவே முடியாது. ஹோஸ் பக்கம் ஒரு மானி, பெரிய முள்ளோடு.

மணல் சீட்டின் பின்பக்கத்தில் வரைந்தேன். யாரிடம் கொடுப்பது?

ஜூலை 10

ஜெயகணேஷ் சார் மேஜையில் வைத்துவிட்டு வந்தேன். என் பெயர் போடவில்லை.

ஆகஸ்ட் 5

பனிமய மாதா திருவிழா. ஊரே சப்பரப் பவனி பார்க்கப் போய்விட்டது. சைட் காலி. ஜெயகணேஷ் சார் மணல் குவியல் பக்கம் வந்து, நீங்க வரைஞ்சதைத் தலைமை அலுவலகம் ஒத்துக்கிட்டது, செய்யக் கொடுத்தாச்சு என்றார். எஸ்றாவைத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவன், அண்ணாச்சி வந்தால் வருகிறேன் என்று சொல்லிவிட்டானாம். ஒற்றைக்கண்ணோடு தொங்குசாரத்தில் எப்படி நிற்பார்? டாக்டர் விட மாட்டார்.

“அதைத்தான் நானும் சொன்னேன்” என்றார் சார். “போனை வச்சுட்டான்.”

செப்டம்பர் 17

எஸ்றா ஆழ்வார்திருநகரி போனானாம். அண்ணாச்சி இந்தத் தடவை முகங்கொடுத்தாராம். என்ன பேசினார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரிய வேண்டியதும் இல்லை.

அக்டோபர் 3

இரண்டு பேரும் வந்தார்கள். ஒரே பைக்கில். அண்ணாச்சிக்குக் கறுப்புக் கண்ணாடி. தோள் ஒரு பக்கம் இறங்கியிருக்கிறது. என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அவ்வளவுதான். அதுவே அதிகம்.

புது மெஷின் முன்னால் நின்று கைப்பிடியை அந்தப் பக்கம், இந்தப் பக்கம் என்று பத்துப் பதினைந்து முறை திருப்பிப் பார்த்தார். எஸ்றா கையுறை போட்டுக்கொண்டு சாரத்துக்கு இறங்கினான். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இடம் மாறிவிட்டார்கள். நாசில் எஸ்றாவிடம், காற்று அண்ணாச்சியிடம். எஸ்றா கேட்டதே அதுதானாம்.

அக்டோபர் 9

மத்தியானம் ஹோஸ் அடைத்தது. காலை லாரி மணலில் ஈரம் கூடுதல், நான்தான் விட்டுவிட்டேன். கயிறு இரண்டு முறை இழுபட்டதை மணல் குவியலிலிருந்து பார்த்தேன்.

அண்ணாச்சி கைப்பிடியைத் திருப்பினார். குனிந்து, நல்ல கண்ணை மானிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். முள் கீழே வந்த பிறகும் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு ஜெட்டியின் விளிம்புக்குப் போய், ஒரு கையால் இரும்பைப் பிடித்துக்கொண்டு எட்டிக் கீழே பார்த்து, “ஏலே எஸ்றா, தொற. நான் இங்கனதான் நிக்கேன்” என்றார்.

கட்டி தண்ணீரில் விழுந்த சத்தம் மேலே கேட்டது. சின்ன சத்தம்.

பத்து நிமிஷத்தில் வேலை மறுபடி ஓடியது. நாளை லாரி ஆறு மணிக்கே வரும். ஈரம் இருந்தால் திருப்பி அனுப்ப வேண்டும். படுக்கிறேன்.